பெருநாரைப் படம் யார் எடுத்தது

ஷித்தாயே எதையும் எழுதி வைத்துச் செய்கிறவள். ஏரிக்கரை ஊரான எங்கள் ஹவாசாவில் பூகோள டீச்சர். மிளகாய்ப்பொடி எந்தத் தேதியில் அரைத்தது என்று டப்பாவில் சீட்டு ஒட்டி வைப்பாள். அப்படிப்பட்டவள் புகைப்பட ஆசையை மட்டும் சும்மா விடுவாளா? ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு புது நோட்டு வாங்கி, இந்த வருடம் கேமராவில் என்னென்ன கற்றுத் தேற வேண்டும் என்று மாதத்துக்கு ஒன்றாக எழுதிவிடுவாள். எங்களுக்கு வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். பன்னிரண்டு மாதம் முப்பது முப்பது நாளாக ஓடும். கடைசியில் பகுமே என்று ஐந்து நாளுக்கு ஒரு குட்டி மாதம். ஆகப் பதின்மூன்று இலக்கு.

2017 பிறந்த அன்று எழுதிய பட்டியல் இப்படிப் போயிற்று: முதல் மாதம் முழுக்க ஒரே லென்ஸ், மாற்றவே கூடாது. இரண்டாம் மாதம் வெளிச்சக் கணக்கைக் கேமராவிடம் விடாமல் தானே போட வேண்டும். மூன்றாம் மாதம் முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் வாய்விட்டுக் கேட்டு முகத்தைப் படம் எடுக்க வேண்டும். இதை மட்டும் ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். அப்படியே போய்க் கடைசியில், பகுமே மாதத்துக்கு: "பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் நிற்க வைக்கிற ஒரே ஒரு படம்."

ஏரிக்கரைப் புகைப்படச் சங்கத்தில் பதினோரு பேர். எவருக்கும் அது பிழைப்பு இல்லை, பைத்தியம்தான். தலைவர் லாபிஸோ, ஓய்வு பெற்ற நில அளவையாளர். வயதுக்கு மரியாதையாக எல்லோரும் 'காஷே' என்று கூப்பிடுவார்கள். மருந்துக்கடை தெரெஃபே படம் எடுப்பதைவிடக் கிண்டல் பண்ணுவதில் கெட்டிக்காரன். ஷித்தாயே செயலாளர். ஞாயிறுதோறும் ஒரு காபிக்கடையின் பின்னறையில் கூடி, டிவியில் படங்களைப் போட்டு அலசுவார்கள். வருட முடிவில் ஒரே ஒருவருக்குக் கலாசார மண்டபத்தில் ஒரு சுவர் கிடைக்கும். புத்தாண்டு வாரம் முழுக்க அவருடைய பதின்மூன்று படங்கள் மட்டும் அங்கே தொங்கும். அந்தச் சுவருக்காக ஷித்தாயே நான்கு வருடமாகக் காத்திருந்தாள். "அடுத்தது நீதாம்மா" என்று காஷே போன வருடம் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

வூபித்தைச் சங்கத்துக்குக் கூட்டிவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இவளேதான். வூபித் பக்கத்துத் தெருவில் பெண்களுக்குத் தலை பின்னிவிடும் கடை வைத்திருப்பவள். பின்னும்போது ஷித்தாயே சொல்லும் படக் கதைகளை வாய் பிளந்து கேட்பாள். ஒருநாள், "எனக்கும் ஒண்ணு எடுத்துப் பார்க்கணும்போல இருக்குக்கா" என்றாள். ஷித்தாயே பெரிய மனசு பண்ணித் தன் பழைய கேமராவை எடுத்துக் கொடுத்தாள். அவள் முதன்முதலில் வாங்கிய கேமரா அது.

புத்தாண்டுக் கூட்டத்தில் எல்லோரும் இலக்குகளை உரக்கப் படிக்க வேண்டும். ஷித்தாயே பதின்மூன்றையும் படித்து முடிக்க ஒரு சுற்றுக் காபி தீர்ந்தது. அடுத்து வூபித் எழுந்தாள்.

"எனக்கு எழுத ஒண்ணும் தோணலை காஷே. கூச்சப்படாம படம் எடுக்கணும். அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஷித்தாயே எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். பாவம், சின்னப் பெண், கற்றுக்கொள்ளட்டும் என்று அவள் தலையை வேறு தடவிக் கொடுத்தாள்.

இரண்டே மாதம். சிரிப்பு நின்றுவிட்டது.

ஷித்தாயே படம் திரையில் வந்தால் காஷே மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு சொல்வார்: "ஃபோகஸ் சரி. வெளிச்சம் சரி. எல்லாம் சரிம்மா. அடுத்தது." வூபித் படம் வந்தால் பேச மாட்டார். நாற்காலியை விட்டு எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் கோப்பையில் காபி ஆறிப்போகும். ஒருமுறை வூபித்தின் ஒரு படத்துக்கு இரண்டு தடவை எழுந்தார். ஷித்தாயே எண்ணிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரி என்றால் என்ன அர்த்தம்? சரியாக இருப்பது குற்றமா? மூன்றாம் மாதம் பத்துப் பேரிடம் கேட்டு எடுத்தாளே, ஏழாவது ஆள் மீன் கழுவின தண்ணீரை அவள் காலில் ஊற்றினானே, அந்தப் பாடெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? இவள் விடியலில் எழுந்து, லென்ஸ் துடைத்து, நோட்டைப் பார்த்து, இலக்கைப் படித்து, மனப்பாடம் பண்ணி ஏரிக்குப் போகிறாள். அந்தப் பெண்ணோ வாடிக்கைக்காரி தலையைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து ஒரு படம் எடுத்துவிட்டு மறுபடி உள்ளே போகிறாள். அதுதான் நன்றாக இருக்கிறதாம்! ஷித்தாயேவுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே நெஞ்சுக்குக் கீழே சுட்டது. தெரெஃபே கடையில் மாத்திரை வாங்கினாள்.

"சாப்பாடு சேரலையா டீச்சர்?" என்று கேட்டான் அவன்.

"மீன்" என்றாள்.

வூபித் கடைக்குப் போவதை நிறுத்தினாள். கடைத்தெரு முனையில் இன்னொருத்தியிடம் தலையைக் கொடுத்தாள். அந்தப் பாவி மயிரை வேரோடு இழுத்துப் பின்னியதில் கண்ணே மேலே ஏறிக்கொண்டது. அடுத்த ஞாயிறு வூபித் அதைப் பார்த்துவிட்டு, "ஐயையோ அக்கா, எவகிட்டக் கொடுத்தீங்க தலையை? என் மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான் இப்பல்லாம் நேரமே இல்லையே. நீ பெரிய ஆளாயிட்டியே" என்றாள் ஷித்தாயே.

வூபித் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வெட்கப்பட்டாள். இவளுக்கு இன்னும் எரிந்தது. குத்தினாலும் தைக்காத தோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பகுமே பிறந்தது. சங்க வழக்கப்படி ஒவ்வொருவரும் தங்கள் பதின்மூன்று படங்களைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும், கேமராவில் விழுந்தபடியே, திருத்தம் செய்யாமல். முந்தைய வருடம் தெரெஃபே ஒரு பழைய படத்தைப் புதிதென்று நுழைத்து மாட்டிக்கொண்டதிலிருந்து இந்த விதி. படம் எப்போது எடுத்தது என்று கேமராவே உள்ளே குறித்து வைத்திருக்கும். செயலாளர் அந்தத் தேதிகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளி விடுமுறை. ஷித்தாயே மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களுடையதை விட்டுவிட்டு முதலில் வூபித் படங்களைத்தான் திறந்தாள். ஆறு படம் தாண்டி ஏழாவதில் அவள் கை நின்றது.

மீன்சந்தைக் கரை, விடிந்த கொஞ்ச நேரம். மழை தூறிக்கொண்டிருக்கிறது. தலையில் பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு மீன்காரி நிற்கிறாள். அவளிடமிருந்து இரண்டு எட்டு தள்ளி ஒரு பெருநாரை, அதே உயரம், அதே கூனல், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வர வேண்டிய படகு இருக்கும் திசையை இருவரும் பார்க்கிறார்கள். படகு படத்தில் இல்லை.

ஷித்தாயேவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டில் பதின்மூன்றாவதாக எழுதி வைத்திருக்கிறாளே, பத்து வருடம் கழித்தும் நிற்க வைக்கிற படம், அது இதுதான். அந்தக் கரையில் அவள் நூறு தடவை நின்றிருக்கிறாள். அந்த நாரைகளை ஆயிரம் எடுத்திருக்கிறாள். இது ஏன் தனக்கு வரவில்லை? கடவுளே, இது ஏன் எனக்கு வரவில்லை?

தேதியைத் திறந்து பார்த்தாள். செப்டம்பர் 14, 2017.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் கணக்கைவிட வெளிநாட்டார் கணக்கு ஏழெட்டு வருடம் முன்னால் ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை, சம்பளம், திருவிழா எல்லாம் எங்கள் கணக்கு. போன், கேமரா, கணினி எல்லாம் அவர்கள் கணக்கு. எங்களுக்கு 2017 என்றால் அவர்களுக்கு 2025. கேமரா வைத்திருக்கும் எவரும் இரண்டுக்கும் நடுவே தாவித் தாவியே பழகியவர்கள். ஷித்தாயேவும் பழக்கப்படி மனசுக்குள் மாற்றிப் பார்த்தாள். வெளிநாட்டுக் கணக்கில் 2017 செப்டம்பர் என்றால் நம் 2010, புத்தாண்டு வாரம். எட்டு வருடத்துக்கு முந்தைய படம்!

எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கேமரா யார் கையில் இருந்தது?

அவள் கையில்.

உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். பேட்டரி செத்து, கேமரா தேதியை மறந்து, இன்று என்ன தேதி என்று கேட்டிருக்கிறது. வூபித் கடைச்சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறாள். எங்கள் ஒன்பதாம் மாதமான கின்போத், பதினான்கு, 2017; கேமராவுக்கோ ஒன்பதாம் மாதம் என்றால் செப்டம்பர். உண்மையில் எடுத்தது இந்த மழைக்காலத் தொடக்கத்தில். பூகோளம் நடத்துகிறவளுக்கு இது தோன்றவில்லை. மற்ற பன்னிரண்டு படத்தின் தேதியைப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. எங்கள் கடிகாரம் விடியலில் தொடங்கி எண்ணும், ஒன்று இருபது என்றால் காலை ஏழு இருபது. படத்தின் நேரம் ஒன்று இருபது என்று இருந்ததே, வெளிநாட்டுக் கடிகாரப்படி அது நட்டநடு ராத்திரி ஆயிற்றே, வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி எழுந்ததுதான். 'அந்தக் கேமராவில் நேரம் எப்போதும் தப்பு' என்று அதை அமுக்கிவிட்டாள். நேரம் தப்பாம், தேதி மட்டும் சரியாம்! வயிற்றெரிச்சல்காரியிடம் போய் நியாயம் பேச முடியுமா?

எழுந்து நடந்தாள். அந்தப் புத்தாண்டு வாரம் ஏரிக்குப் போனது நிஜம். மழை பெய்ததும் நிஜம். அந்த வருடப் படங்கள் இருந்த டிஸ்க் பழுதாகி எல்லாம் போனதும் நிஜம். கேமராவோடு பழைய கார்டையும்தான் கொடுத்தாள். அதில் ஒன்று தங்கியிருக்கக் கூடாதா? கவிழ்த்துப் போட்ட படகு ஒன்று இருந்தது... ஆமாம், இருந்தது. அதன் மேல் முழங்கையை ஊன்றினாள். மரம் நனைந்து ஊறியிருந்தது. முழங்கால் சேற்றில். நாரை கழுத்தை இழுத்துக்கொள்ளும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். சாயங்காலத்துக்குள் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த கணவன் எர்மியாஸிடம் கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"இங்க பாரு, இதை நான் எடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கா? கல்யாணமான புதுசுல?"

"நீ எடுத்ததாத்தான் இருக்கும். இந்த வீட்ல வேற யாரு கொக்கு பின்னாடி சுத்துறா? கொஞ்சம் நகரு, பந்து தெரியலை."

சாட்சியும் கிடைத்துவிட்டது, போங்கள்.

பகுமே மூன்றாம் நாள் கூட்டம். சுவர் யாருக்கு என்று முடிவாகும் கூட்டம். பத்துப் பேர் படமும் ஓடி முடிந்து கடைசியாக வூபித் படங்கள் வந்தன. ஏழாவது வந்தது. காஷே எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். அங்கேயே நின்றார். யாரும் காபியைத் தொடவில்லை.

"பேச வேற ஒண்ணும் இல்லைன்னு நினைக்கிறேன்" என்றார் காஷே மெதுவாக.

"இருக்கு" என்று எழுந்தாள் ஷித்தாயே. "அந்தப் படம் அவ எடுத்தது இல்லை. நான் எடுத்தது."

வூபித் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துப் பாதி சிரித்தாள்.

"தேதியைப் பாருங்க காஷே. செப்டம்பர் பதினாலு, 2017. அப்ப அந்தக் கேமரா என்கிட்ட இருந்துச்சு. பழைய கார்டுல கிடந்திருக்கு. நான் கவுத்துப் போட்ட படகு மேல முழங்கையை ஊனிக்கிட்டு, சேத்துல முழங்கால் போட்டு எடுத்தேன். நாரை தலையைத் தூக்கிக்கிட்டே இருந்துச்சு. அது கழுத்தை இழுக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். மூணே எடுத்தேன். மூணாவதுதான் இது."

வூபித் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "அக்கா... அப்படியேதான் நானும்... மூணாவதுதான்..." என்றாள். தன் கையையே பார்த்தாள்.

"நீ சொல்லு வூபித்" என்றார் காஷே. "நீதான் எடுத்தியா?"

"ஆமா காஷே. நான்தான்... கின்போத்துல... எடுத்தேன்னுதான் நினைச்சேன்." அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "அக்கா பொய் சொல்ல மாட்டாங்களே."

தெரெஃபே கணினியைத் தன் பக்கம் இழுத்தான். எட்டாவது படத்தைத் திறந்தான். தேதியைப் பார்த்தான். அது அவனுடைய படம்தான்: மருந்துக்கடை வாசலில் கைக்குழந்தையோடு நிற்கிறான். ஒரு நிமிடம் விழித்தான். பிறகு நாற்காலியே ஆடும்படி சிரிக்க ஆரம்பித்தான்.

"டீச்சர், இதுவும் 2017தான் போட்டிருக்கு! என் பொண்ணு பொறந்து ஆறு மாசம் ஆகுது. செப்டம்பர் 2017ல எனக்குக் கல்யாணமே ஆகலையே! இதையும் நீங்கதான் எடுத்தீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் புரியவில்லை. வூபித்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "பேட்டரி போட்டதும் தேதி கேட்டுச்சு. போட்டேன். இன்னைக்கு என்ன தேதியோ அதைத்தானே போடணும்? இப்ப 2017 தானே நடக்குது?"

பிறகு எழுந்த சிரிப்பில் காபிக்கடைக்காரி என்னவோ ஏதோ என்று உள்ளே ஓடிவந்துவிட்டாள். மேசையைத் தட்டினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காஷே மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஷித்தாயேவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த முழங்கை, சேறு, மூணாவது படம்... அதெல்லாம் என்னம்மா?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சிரிப்பு அடங்கிப்போயிற்று.

ஷித்தாயே பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். தெருவில் வந்த முதல் பஜாஜ் ஆட்டோவில் ஏறி, எங்கே என்று கேட்டவனுக்கு நேராகக் கையைக் காட்டினாள்.

சுவர் வூபித்துக்குப் போயிற்று.

புத்தாண்டு வாரத்தில் நான்கு நாள் ஷித்தாயே அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் காலை, கூட்டம் வருவதற்கு முன் போனாள். மண்டபத்தில் வூபித் மட்டும் இருந்தாள். கோணலாகத் தொங்கிய ஒரு படத்தை நேராக்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"வாங்கக்கா." குரலில் பழைய ஒட்டுதல் இல்லை.

இருவரும் கொஞ்ச நேரம் படங்களைப் பார்த்தார்கள். வூபித்தான் ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னதுல எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா. காலண்டர் விஷயம் தெரிஞ்சப்பறமும் போகலை. வீட்டுக்குப் போயி அந்தப் பாவாடையைத் தேடினேன். முழங்கால்ல சேத்துக்கறை இருக்கான்னு பார்த்தேன். இருந்துச்சு. அப்பறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு." அவள் இவள் பக்கம் திரும்பினாள். "ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க? எனக்குக் கேமரா கொடுத்ததே நீங்கதானே?"

ஷித்தாயே இதற்காகத்தான் நான்கு நாளாக வாக்கியம் தேடிக்கொண்டிருந்தாள். எதுவும் உதவவில்லை.

"பொறாமை" என்றாள். "உன் படத்தைப் பார்த்து வயிறு எரிஞ்சுது. பொய் சொன்னேன். மன்னிச்சுக்கோடி."

வூபித் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நீளமாக மூச்சு விட்டாள். "பொய்தானே? சரி, விடுங்க. பொய்யின்னு உங்க வாயால சொல்லிட்டீங்களே, அது போதும் எனக்கு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். வூபித் அவர்களிடம் போனாள். ஷித்தாயே அந்த ஏழாவது படத்தின் முன் தனியாக நின்றாள். பொய் என்று சொன்னது எளிதாக இருந்தது. பொய் சொன்னவள் என்றால் மன்னிக்க ஆள் இருக்கிறது. ஆனால் அது பொய் இல்லை. அன்று கூட்டத்தில் அவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. இதோ, பாவாடையும் கறையும் தேதியும் எல்லாம் தெரிந்த பிறகும், கண்ணை மூடினால் முழங்கைக்கடியில் அந்த ஈர மரம் இருக்கிறது; நாரை கழுத்தை இழுக்கிறது; அவள் விரல் அழுத்துகிறது. அதை இனி யாரிடமும் சொல்ல முடியாது.